தாமரைக்கேணியில் வழிப்பறி இல்லை

ஜூன் 1, வியாழன்

காலை சர்க்கரை 168.

இந்த எண்ணை எழுதத்தான் இந்த டைரி. தினமும் அளந்து குறித்துக்கொண்டு வரச் சொல்லி டாக்டரம்மா உத்தரவு. வணிகர் சங்கம் புத்தாண்டுக்கு இன்ஸ்பெக்டருக்குக் கொடுத்தது; அட்டைப்படம் பிடிக்கவில்லை என்று என்னிடம் தள்ளினார். ஐந்து மாதம் சும்மா கிடந்தது.

ஒரு முழுப் பக்கத்தில் ஒரே ஒரு எண்ணை எழுதி மூட எனக்குக் கை வரவில்லை. காவல் துறையில் முப்பத்தாறு வருடம். அதில் பத்தொன்பது வருடம் நிலைய எழுத்தர். பதவியில் சிறப்பு எஸ்.ஐ. ஆகிவிட்டேன்; இருந்தாலும் மாசிலாமணி என்ற பெயரை யாரும் சொல்வதில்லை, எல்லாருக்கும் நான் ரைட்டர்தான். தாமரைக்கேணி காவல் நிலையத்தில் நடப்பதை எல்லாம் பொது நாட்குறிப்பில் எழுதுபவன் நான். யார் வந்தார், யார் போனார், எந்த மனு எத்தனை மணிக்கு. அது நிலையத்தின் நாட்குறிப்பு. இது என்னுடையது. டிசம்பர் 31 அன்று ஓய்வு. அதுவரை இதில் பக்கம் இருக்கிறது.

மே மாதப் புள்ளிவிவரம் இன்று அனுப்பினேன். கொலை இல்லை. கொள்ளை இல்லை. வழிப்பறி இல்லை. வீடு புகுந்து திருட்டு ஒன்று. தவிர்க்க முடியவில்லை, வீட்டுக்காரர் வக்கீல். இருசக்கர வாகனத் திருட்டு இரண்டு, எப்.ஐ.ஆர். இல்லாமல் இன்ஷூரன்ஸ்காரன் விடமாட்டான்.

ஜூன் 2, வெள்ளி

161. தண்ணீர் லாரி வரவில்லை.

ஜூன் 6, செவ்வாய்

காலை 6.35க்கு ஒரு பெண்மணி நிலையத்துக்கு வந்தார். பெயர் வனஜா, வயது 44, நான்காவது குறுக்குத் தெருவில் இட்லி மாவுக் கடை. 6.10க்குக் கடையைத் திறக்க ஷட்டரைத் தூக்கியிருக்கிறார். பைக்கில் இருவர்.

"பின்னாடி உக்காந்தவன் கையப் போட்டு இழுத்தான் சார். என் ரெண்டு கையும் மேல இருக்கு. ஷட்டர விட்டா தலைமேல விழும், விடாட்டி இவன் இழுக்கறான்."

"வண்டி நம்பர் பார்த்தியாம்மா?"

"கழுத்தப் பார்ப்பேனா, நம்பரப் பார்ப்பேனா?"

"அப்ப ஆளு யாருன்னு தெரியல."

"தெரிஞ்சா இங்க எதுக்கு சார் வரேன்? நேரா அவன் வீட்டுக்குப் போயிருப்பேன்."

வழிப்பறி என்று வருபவர்களுக்கு எங்கள் நிலையத்தில் ஒரு முறை இருக்கிறது. நான் வகுத்தது என்று சொல்ல முடியாது. ஆனால் செம்மைப்படுத்தியது நான். முதலில் உட்கார வைப்பேன். தண்ணீர் கொடுப்பேன். அவசரப்படுத்தமாட்டேன். பிறகு கேட்பேன்: "சங்கிலி எத்தனை வருஷம் போட்டது? கொக்கி தேஞ்சிருந்ததா?" பதினைந்து வருடம் போட்ட எந்தச் சங்கிலியிலும் கொக்கி தேய்ந்துதான் இருக்கும். அவர்களும் ஆமாம் என்பார்கள். கொக்கி தேய்ந்திருந்தால் சங்கிலி தானாகவே விழுந்திருக்கவும் இடமுண்டு. விழுந்திருந்தால் அது தவறவிட்ட பொருள். தவறவிட்ட பொருளுக்கு மனு வாங்கிக்கொண்டு சீட்டு கொடுத்தால் போதும். எப்.ஐ.ஆர். வேண்டாம், வழக்கு வேண்டாம், புள்ளிவிவரத்தில் ஏறாது.

வனஜாவிடமும் சொன்னேன். "கேஸ்னா கோர்ட்டு, சாட்சி, வாய்தா. கடையப் பூட்டிட்டு அலையணும். சீட்டுன்னா இப்பவே கையில. பொருள் கிடைச்சா நாங்களே கூப்பிடுவோம்."

மனுவை நானே எழுதினேன். "கடை திறக்கும் வேளையில் கழுத்தில் அணிந்திருந்த தாலிச் சங்கிலியை எங்கோ தவறவிட்டுவிட்டேன்." வாங்கி உரக்கப் படித்தார்.

"தவறவிட்டுட்டேனா? தாலியத் தொலைச்சேன்னு எந்தப் பொம்பளையாவது எழுதிக் குடுப்பாளா சார்? அவரு நெஞ்சுல ரெண்டு அடைப்புன்னு வீட்ல படுத்திருக்காரு. பைபாஸ்னு சொல்லியிருக்காங்க. இந்த நேரத்துல நான் கையெழுத்து வேற போட்டுக் குடுக்கணுமா?"

இந்த ஆட்சேபணை எனக்குப் புதிதல்ல. "தாலிச்" என்பதை அடித்துவிட்டு, புதுத் தாளில் வெறும் "சங்கிலி" என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார்.

"இது பரவால்ல. சங்கிலிதானே. போனாப் போவுது" என்று கையெழுத்திட்டார். போகும்போது "நல்லா இருங்க சார்" என்றார்.

அவர் கழுத்தில் மூன்று கீறல். ஒன்றில் ரத்தம் காயவில்லை. வரவேற்பில் இருக்கும் காவலர் கவிப்பிரியா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ரைட்டர் அய்யா, தானா விழுந்த சங்கிலி கழுத்தக் கீறுமா?"

அலமாரியிலிருந்து டிங்க்சர் பாட்டிலை எடுத்துவரச் சொன்னேன்.

ஜூன் 7, புதன்

174.

கஸ்தூரியிடம் தாலிச் சங்கிலியைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொள்ளச் சொன்னேன். ஏன் என்றாள். வெயில் என்றேன்.

"வெயிலுக்கு எல்லாரும் மோர் குடிப்பாங்க" என்றாள். ஆனால் கழற்றினாள். போலீஸ்காரன் மனைவி.

ஜூன் 15, வியாழன்

குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் தாமரைக்கேணி நுழைவில் பெரிய பலகை: "பாதுகாப்பான பகுதி. நகரிலேயே குற்றம் குறைந்த காவல் எல்லை." இன்ஸ்பெக்டர் கோதண்டபாணி திறந்துவைத்தார். சால்வை போட்டார்கள். ஜூலையில் எங்கள் நிலையத்துக்குக் கேடயம் கிடைக்கும் என்று பேச்சில் சொன்னார். கைதட்டினார்கள். கூட்டம் கலையும்போது தையல்காரர் ஒருவர், பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தபோது சட்டைப் பையில் இருந்த செல்போனைத் தவறவிட்டுவிட்டதாக மனு கொடுத்தார். சீட்டு வழங்கப்பட்டது.

ஜூன் 22, வியாழன்

170. குழாயில் வாஷர் மாற்றினேன், இன்னும் சொட்டுகிறது.

வனஜா வந்தார். பொருள் கிடைத்ததா என்றார். இல்லை என்றேன். போகவில்லை, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆகஸ்ட் ஏழு ஆபரேஷன்னு தேதி குடுத்துட்டாங்க சார். இவரு வரமாட்டேங்கறாரு. அந்தத் தாலி வந்தாத்தான் வருவாராம்."

"புதுசா ஒண்ணு செஞ்சு கட்டிக்க வேண்டியதுதானேம்மா."

"சொல்லாம இருப்பேனா? புதுசு கட்டினா அது ரெண்டாம் கல்யாணமாம். அப்ப முதல் பொண்டாட்டி என்ன ஆனான்னு என்னையே கேக்கறாரு. மாவு அரைக்கிற மெஷினு மாதிரி அதே இடத்துல சுத்தறாரு சார்."

தேதி தவறினால் மறுபடி வரிசை. நான்கு மாதம் ஆகும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். நான்கு மாதம் தாங்குமா என்று கேட்டதற்கு, தேதியைத் தவறவிடாதீர்கள் என்றுதான் டாக்டர் சொன்னாராம்.

பொது நாட்குறிப்பில்: "11.20. மனுதாரர் வனஜா நேரில் வந்து விசாரித்தார். உரிய பதில் அளிக்கப்பட்டது."

ஜூன் 30, வெள்ளி

ஜூன் மாதப் புள்ளிவிவரம். வழிப்பறி இல்லை.

ஜூலை 11, செவ்வாய்

179. நேற்று சங்க விருந்தில் கேசரி, அதுவாக இருக்கும்.

மதியம் கரைமேடு காவல் நிலையத்திலிருந்து போன். அங்கே ரைட்டர் பொற்செழியன்; நானும் அவனும் ஒரே ஆண்டில் பயிற்சி முடித்தவர்கள். சங்கிலி பறிக்கும் இருவர் ஞாயிறன்று பைக் சறுக்கி விழுந்து அவர்களிடம் மாட்டியிருக்கிறார்கள். ஒருவனுக்குக் கால் முறிவு. விசாரித்ததில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள்.

"வீட்ல ஒரு பிஸ்கட் டப்பா எடுத்தோம் மாசி. தொறந்தா பூரா தாலி. பதினாலு. சங்கிலிய எல்லாம் வித்துட்டான், உருக்கியாச்சு. ஆனா வாங்கற ஆளு தாலியத் தொடமாட்டானாம், குடும்பத்துக்கு ஆகாதாம். இவனுக்கும் தூக்கிப் போடப் பயம். சேத்து சேத்து வெச்சிருக்கான்."

"சரி."

"இதுல ஏழு உன் லிமிட்டுங்கறான். தெருப் பேரோட சொல்றான். எப்.ஐ.ஆர். நம்பரச் சொல்லு, சேத்துடறேன்."

பார்த்துச் சொல்வதாக வைத்தேன். இன்ஸ்பெக்டர் அறைக்குப் போனேன். அவர் முதுகுக்குப் பின்னால் வெள்ளைப் பலகை. வழிப்பறி: சென்ற ஆண்டு 9, இவ்வாண்டு 0. அந்தப் பூஜ்ஜியத்தைச் சிவப்பில் எழுதி வட்டமும் போட்டிருந்தார். ஒரு பூஜ்ஜியத்துக்குள் இன்னொன்று.

"நம்ம லிமிட்ல அப்படி எதுவும் நடக்கலைன்னு சொல்லிடுய்யா."

"அய்யா, அவன் தெருப் பேரோட சொல்றானாம்."

"திருடன் பேச்ச நம்பியா நாம ஸ்டேஷன் நடத்தறது?"

பொற்செழியனிடம் சொன்னேன். சிரித்தான்.

"ஏம்ப்பா, திருடினவன் திருடினேங்கறான். போலீசு இல்லவே இல்லைங்கற. நான் யாரப்பா நம்பறது?"

சொத்துப் பட்டியலை 21ஆம் தேதி மதியம் நீதிமன்றத்தில் கொடுக்கிறானாம். எந்த வழக்கோடும் சேராத தாலிகள் உரிமையாளர் இல்லாத பொருளாகப் பட்டியலில் ஏறும். அப்படி ஏறிய பொருளை வெளியே எடுக்க எத்தனை வருடம் ஆகும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஜூலை 12, புதன்

வேலை முடிந்து நான்காவது குறுக்குத் தெரு வழியாக வந்தேன். சுற்றுவழி. மாவு அரைக் கிலோ வாங்கினேன். வனஜா பாக்கெட்டில் முடிச்சுப் போடும்போது, கரைமேடு நிலையத்தில் சில நகைகள் பிடிபட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன் என்றேன். கேள்விப்பட்டேன் என்றுதான் சொன்னேன்.

கஸ்தூரி நேற்றே மாவு அரைத்து வைத்திருந்தாள். இரண்டும் சேர்ந்து பொங்கிவிட்டது.

ஜூலை 14, வெள்ளி

188.

வனஜா கரைமேட்டுக்கு நேற்றுப் போயிருக்கிறார். இன்று என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. அவர் சொன்னதை வரிசையாக எழுதுகிறேன்.

பதினான்கு தாலியையும் ஒரு துண்டில் பரப்பி வைத்தார்கள். ஒரே பார்வையில் தன்னுடையதைக் காட்டினார். அதன் கீழ் விளிம்பில் ஒரு பள்ளம். மகள் பல் முளைக்கும் பருவத்தில் கடித்தது. மகள் இப்போது கல்லூரியில். சீட்டு இருக்கிறதா என்று கேட்டார்கள். கொடுத்தார். அதில் தாலி இல்லை. சங்கிலி என்று இருந்தது. சங்கிலி உருகிவிட்டது. தவிரவும், சீட்டில் இருந்தது தவறவிட்ட பொருள். துண்டில் இருந்தது பறித்த பொருள்.

"உங்க கையெழுத்து ரொம்ப அழகா இருக்காம் சார். அந்த ஸ்டேஷன்ல எல்லாரும் வாங்கி வாங்கிப் படிச்சாங்க."

சீட்டை என் முன்னால் வைத்தார்.

"நான் சொல்லித்தானே தாலின்றத எடுத்தீங்க?"

"ஆமா."

"அப்ப என் மேலயும் தப்பு இருக்கு."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மேஜை மேல் இருந்த தாள்களை அடுக்கினேன்.

"கையில எடுத்துப் பார்த்துட்டு திரும்ப துண்டுல வெச்சிட்டு வந்தேன் சார்" என்றார். "வீட்ல அவருகிட்ட கெடைச்சிடுச்சுன்னு சொல்றதா, கெடைக்கலன்னு சொல்றதா?"

அவர் போனபின் கவிப்பிரியா டீ கொண்டுவந்தாள். சர்க்கரை போட்டிருந்தது. குடித்துவிட்டேன்.

ஜூலை 15, சனி

ஜனவரியிலிருந்து கொடுத்த சீட்டுகளின் அடிக்கட்டையைப் புரட்டினேன். கழுத்தில் அணிந்த நகையைத் தவறவிட்டவர்கள் பதினொரு பேர். கோலம் போடும்போது மூவர். பஸ் நிறுத்தத்தில் நால்வர். பிள்ளையைப் பள்ளியில் விட்டுத் திரும்பும்போது இருவர். கோயில் பிரகாரத்தில் ஒருவர். மாவுக் கடை ஒன்று. பதினொரு மனுவும் என் கையெழுத்தில்தான். கொக்கி எல்லாவற்றிலும் தேய்ந்திருந்தது.

ஜூலை 17, திங்கள்

191. டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டினார். வேலையில் ஏதாவது டென்ஷனா என்றார். எங்கள் எல்லையில் குற்றமே இல்லை என்றேன்.

இன்ஸ்பெக்டரிடம் பேசினேன். மாவுக் கடைப் பெண்மணிக்கு மட்டும் ஒரு எப்.ஐ.ஆர். போட்டுவிடலாமா என்றேன். ஒன்றே ஒன்று.

"இருபத்தொண்ணாந்தேதி கேடயம் வாங்கறோம். முடிஞ்சதும் பாக்கலாம்யா."

"அய்யா, அன்னிக்கு மதியம்தான் கரைமேட்டுல பட்டியல் குடுக்கறாங்க."

"ஒண்ணு போட்டா, பத்தும் வரும். இப்ப எதுக்குப் போடறோம், ஜூன்ல ஏன் போடலன்னு கேப்பான். யாரு எழுதினதுன்னு கேப்பான்." கொஞ்சம் நிறுத்தினார். "உனக்கு இன்னும் அஞ்சு மாசம். சார்ஜ் மெமோ இல்லாம வீட்டுக்குப் போய்யா. உன் நல்லதுக்குச் சொல்றேன்."

அவர் சொன்னது உண்மை. என் நல்லதுக்குத்தான் சொன்னார்.

ஜூலை 19, புதன்

குழாய் நின்றுவிட்டது. வாஷர் அல்ல, உள்ளே இருந்த திருகுதான் கோளாறு.

ஜூலை 21, வெள்ளி

காலை 9.15க்கு இன்ஸ்பெக்டரும் எஸ்.ஐ.கள் இருவரும் ஜீப்பில் கேடய விழாவுக்குப் புறப்பட்டார்கள். தொப்பி பளிச்சென்று இருந்தது. பொது நாட்குறிப்பில் எழுதினேன்: "அதிகாரிகள் விழாப் பணிக்குச் சென்றதால் நிலையப் பொறுப்பு சிறப்பு எஸ்.ஐ. மாசிலாமணி." பத்தொன்பது வருடத்தில் இந்த வரியைப் பல நூறு தடவை எழுதியிருப்பேன். இன்று எழுதி முடித்துவிட்டு ஒருமுறை படித்தேன். அவர்கள் திரும்பும்வரை நிலைய அதிகாரி நான். எப்.ஐ.ஆர். பதிவு செய்யும் அதிகாரம் அதில் அடக்கம்.

9.40க்கு வனஜாவுக்குப் போன் செய்தேன். 9.55க்குக் கையில் மாவுப் பாக்கெட்டுடன் வந்தார். இம்முறை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கொக்கியைப் பற்றிக் கேட்கவில்லை. பைக், இருவர், ஷட்டர், இரண்டு கையும் மேலே, இழுத்தது, கீறல். பறிபோனது தாலியுடன் கூடிய சங்கிலி. தாலியின் கீழ் விளிம்பில் குழந்தைப் பல் கடித்த தடம்.

"இதுல தாலின்னு எழுதறீங்களே" என்றார்.

"பறிச்சாங்கன்னுதானே எழுதறேன். நீங்க தொலைக்கலையே."

கவிப்பிரியா கணினியில் அடித்தாள். எட்டாவது கட்டத்தில் நின்றாள். புகார் கொடுக்க ஏற்பட்ட தாமதத்துக்குக் காரணம் என்ன என்பது அந்தக் கட்டம். வழக்கமாக "உடல்நலக் குறைவு" அல்லது "வெளியூர் சென்றிருந்தார்" என்று போடுவோம்.

"என்ன போடறது அய்யா?"

நான் சொன்னேன், அவள் அடித்தாள். "புகார்தாரர் தாமதிக்கவில்லை. சம்பவம் நடந்த இருபத்தைந்தாவது நிமிடம் கழுத்தில் காயத்துடன் நிலையம் வந்து, பறித்ததாகவே கூறினார். தவறவிட்டதாக எழுதியது நிலைய எழுத்தராகிய நான். மனுவில் தாலி இல்லாமற்போனதும் என்னால். நாற்பத்தைந்து நாள் தாமதம் நிலையத்தின் தாமதம்."

வனஜா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கவிப்பிரியா கையை எடுத்துவிட்டாள்.

"அய்யா, ஓகே குடுத்துட்டா திரும்ப எடுக்க முடியாது."

"தெரியும்."

"தெரியும்னு எனக்கும் தெரியும். சொல்லலன்னு நாளைக்கு சொல்லக்கூடாதுல்ல." ஓகே கொடுத்தாள்.

10.50க்கு எண் விழுந்தது. 10.52க்குப் பொற்செழியனுக்குச் சொன்னேன். "அட" என்றான். எழுதிக்கொண்டான். வனஜாவிடம் நகலைக் கொடுத்தேன். எப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம். அதை அவரிடம் சொன்னேன். கொண்டுவந்த மாவை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அதற்கு உள்ள விலையைக் கவிப்பிரியா ஓடிப்போய்க் கொடுத்துவந்தாள்.

1.40க்கு ஜீப் வந்தது. கேடயம் பெரியது, இரண்டு பேர் தூக்கினார்கள். எல்லாருக்கும் லட்டு. இன்ஸ்பெக்டர் எனக்குச் சர்க்கரை என்று ஞாபகமாக மிக்சர் கொடுத்தார். மிக்சரை வாங்கிக்கொண்டு சொன்னேன். கேடயம் அப்போது இன்னும் மேஜைமேல் நேராக நிற்கவில்லை.

அவர் கத்தவில்லை. உட்கார்ந்தார். எட்டாவது கட்டத்தைப் படித்தார். "நிலையத்தின் தாமதம்னு எழுதியிருக்க. நிலையம்னா யாருய்யா?" என்றார். தாளை மடித்துவிட்டு, "நான்தானே" என்று அவரே சொன்னார்.

ஜூலை 22, சனி

162. காரணம் தெரியவில்லை.

பிற்பகல் மெமோ வந்தது. அனுமதியின்றி வழக்குப் பதிவு, துறைக்கு அவப்பெயர். ஏழு நாளில் விளக்கம். கஸ்தூரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள்.

"இதுல அவங்க தப்புன்னு சொல்றது, அந்தப் பொம்பள கேஸ எழுதினதத்தானே?"

"ஆமா."

"எழுதாம விட்டதுக்கு எப்ப மெமோ குடுப்பாங்களாம்?"

அதற்குத் தனியாக வரும் என்றேன்.

ஜூலை 24, திங்கள்

காலை எட்டு மணிக்கு வாசலில் ஒன்பது பேர். ஒவ்வொருவர் கையிலும் பழைய சீட்டு. மாவு வாங்கப் போன இடத்தில் தெரிந்துகொண்டார்களாம். இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். பார்த்துவிட்டு வெள்ளைப் பலகையைப் பார்த்தார்.

"உக்கார வெச்சு வாங்கிக்க" என்றார். என்ன எழுதுவது என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மாலைவரை எழுதினேன். ஆறு வழக்கு. மற்ற மூவர் தவறவிட்டது செல்போன். அவற்றில் இரண்டு உண்மையிலேயே தவறவிட்டவை. அவர்களே சொன்னார்கள்.

ஜூலை 27, வியாழன்

நாளிதழில் மூன்றாம் பக்கம்: "தாமரைக்கேணியில் திடீர் வழிப்பறி அலை. ஒரே வாரத்தில் ஏழு பெண்களிடம் தாலி பறிப்பு. மக்கள் அச்சம்." பறித்தவர்கள் பதினெட்டு நாளாகச் சிறையில் இருப்பது ஐந்தாவது பத்தியில் இருக்கிறது. குடியிருப்போர் சங்கம் நுழைவுப் பலகையைக் கழற்றியது. கூட்டமும் போட்டார்கள். போன மாதம்வரை எவ்வளவு நிம்மதியாக இருந்தோம் என்று செயலாளர் பேசினாராம்.

ஆறு மாதத்தில் தாமரைக்கேணி உண்மையிலேயே பாதுகாப்பாக இருக்கும் வாரம் இதுதான். கஸ்தூரியிடம் சங்கிலியை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்றேன்.

"பேப்பர் பாக்கலையா நீங்க?" என்றாள். போட்டுக்கொள்ளவில்லை.

ஜூலை 31, திங்கள்

ஆயுதப்படைக்கு மாற்றல். பொறுப்பை ஒப்படைத்தேன். புது எழுத்தர் சின்ன வயது, நல்ல கையெழுத்து. சீட்டுப் புத்தகத்தைக் கொடுத்தேன், எப்.ஐ.ஆர். பதிவையும் கொடுத்தேன். எது எதற்கு என்று கேட்டார். சொன்னேன். கவிப்பிரியா அவரைத் தன் மேஜைப் பக்கம் கூப்பிட்டு எட்டாவது கட்டம் எங்கே இருக்கிறது என்று காட்டினாள்.

ஆகஸ்ட் 3, வியாழன்

155. ஆயுதப்படை மைதானத்தில் நடக்க நிறைய இடம்.

பொற்செழியன் போன். மாவுக் கடைக்கு நீதிமன்றம் தாலியைக் கொடுத்துவிட்டது. மாஜிஸ்திரேட் அம்மா பல் தடத்தைத் தானே எடுத்துப் பார்த்தாராம்.

ஆகஸ்ட் 7, திங்கள்

காலை 7.10க்கு வனஜா அழைத்தார். கணவரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ஆறு மணி நேரம் ஆகும் என்றார்களாம். சாப்பிட்டீர்களா என்றேன்.

மதியம் என்னால் ஆயுதக் கிடங்கில் துப்பாக்கிகளைச் சரியாக எண்ண முடியவில்லை. இரண்டு தடவை எண்ணினேன். இரண்டு தடவையும் வெவ்வேறு எண். மூன்றாவது முறை இன்னொருவரை எண்ணச் சொன்னேன்.

5.45க்கு மறுபடி அழைத்தார்.

"முடிஞ்சுது சார். முழிச்சிட்டாரு. கண்ணாடிக்கு அந்தாண்ட இருந்து என் கழுத்தத்தான் சார் மொதல்ல பாக்கறாரு. நான் பயந்துகிட்டு உள்ள போட்டு பின்னு குத்தி வெச்சிருக்கேன். தெரியலன்னதும் அந்த மெஷினு கீ கீன்னு கத்துது. நர்சு ஓடியாந்து, 'அம்மா, எதுவா இருந்தாலும் சீக்கிரம் வெளிய எடுத்துக் காட்டும்மா'ன்றா."

"ஏன் உள்ள போட்டீங்க?"

"இந்த வார்டுல திருடு ஜாஸ்தி சார். நேத்து பக்கத்துப் பெட்டு அம்மாவோட கம்மலே போயிடுச்சு. தூங்கறப்ப கழட்டிட்டான். அவங்க புகார் குடுக்கணுங்கறாங்க. இது எந்த ஸ்டேஷன் சார்?"

எந்த நிலையத்தின் எல்லை என்று சொன்னேன். எப்படிப் போக வேண்டும் என்றும் சொன்னேன். வனஜா அந்த அம்மாவிடம் வழியைத் திருப்பிச் சொன்னது போனில் கேட்டது. பிறகு போனுக்குத் திரும்பினார்.

"அங்கயும் தவறவிட்டேன்னு எழுதிக் குடுக்கச் சொன்னா?"

"கையெழுத்துப் போட வேண்டாம்னு சொல்லுங்க" என்றேன்.